சபையில கூச்சல் வந்தா மேல உக்காந்திருக்கற தலைவர் நிஜமா என்ன செய்ய முடியும்?

கேள்விநேரம்:
ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி இது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பார்லிமென்ட் நேரலை போட்டா பாதி நாள் ஒரே காட்சிதான், கொஞ்ச பேர் பதாகையோட நடுவுல வந்து நிக்கிறாங்க, எதிர்ப்பக்கம் மேசையைத் தட்டுறாங்க, தலைவர் "உக்காருங்க உக்காருங்க" ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார், கடைசில 2 மணி வரைக்கும் ஒத்திவைப்புன்னு எந்திரிச்சுப் போயிடறார். 2 மணிக்கு வந்தாலும் அதேதான். அவர் கையில அதிகாரமே இல்லையா, இல்ல இருந்தும் பயன்படுத்தறதில்லையா? எந்தக் கட்சி நல்ல கட்சின்னு இங்க சண்டை வேணாம், அந்த நாற்காலியோட வேலை எப்படி நடக்குதுன்னு மட்டும் பேசுவோம்.

விதி373:
அதிகாரம் நிறையவே இருக்கு ப்ரோ. லோக்சபா நடைமுறை விதிகள்ல 373-ன்னு ஒண்ணு, ரொம்ப மோசமா நடந்துக்கற உறுப்பினரை "வெளிய போங்க" ன்னு தலைவரே சொல்லலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல, அன்னைக்கு மிச்ச நேரம் முழுக்க அவர் உள்ள வர முடியாது. அடுத்தது 374, உறுப்பினர் பேரைச் சொல்லி இவர் வேணும்னே அவையை நடத்த விடாம பண்றார்னு அறிவிப்பார், அப்புறம் ஒரு தீர்மானம் கொண்டு வந்து அவையே ஓட்டு போட்டு அந்தக் கூட்டத்தொடர் முடியற வரைக்கும்கூட சஸ்பெண்ட் பண்ணலாம். இது ரெண்டும் போதாதுன்னு 2001 கடைசில 374A சேர்த்தாங்க, நடுப்பகுதிக்கு வந்து கோஷம் போட்டு கலாட்டா பண்ற ஆளோட பேரை தலைவர் சொன்னாலே போதும், தீர்மானம் எல்லாம் வேணாம், தொடர்ந்து 5 அமர்வு அல்லது கூட்டத்தொடர் முடியற வரை, எது கம்மியோ அதுக்கு தானா சஸ்பெண்ட் ஆயிடுவார். 375 தான் நீங்க டிவில பாக்கற ஒத்திவைப்பு. ராஜ்யசபால 255, 256, 257-ன்னு இதே மாதிரி இருக்கு, ஆனா 374A மாதிரி தானா சஸ்பெண்ட் ஆகற விதி அங்க கிடையாது, தீர்மானம் போட்டுத்தான் ஆகணும்.

பின்வரிசை:
அப்புறம் என்ன தயக்கம்? முதல் ஆள் நடுவுக்கு வந்த உடனே 374A போட்டு வெளிய அனுப்பினா ரெண்டாவது ஆள் வர மாட்டார். ஓட்டு போட்டு அனுப்பினது பேசத்தான, கத்தறதுக்கு இல்ல. நான் இதுல கண்டிப்பு பக்கம்தான், கேள்வி நேரம் போச்சுன்னா அன்னைக்கு பதில் சொல்ல வேண்டிய மந்திரி தப்பிச்சார்னு அர்த்தம், நஷ்டம் கேள்வி எழுதிக் குடுத்த உறுப்பினருக்கும் அவர் தொகுதிக்கும்தான்.

சுருக்கெழுத்து:
நான் ஒரு சட்டமன்றத்துல சுருக்கெழுத்தாளரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எந்த மாநிலம்னு கேக்காதீங்க. எங்க மேசை தலைவர் இருக்கைக்கு நேர் கீழ இருக்கும், சில நிமிஷத்துக்கு ஒருத்தர்னு மாறி மாறி உக்காந்து எழுதுவோம். நடுவுக்கு வர்றவங்க எல்லாம் எங்க மேசையைச் சுத்தித்தான் நிப்பாங்க, அதனால கிட்டக்க பார்த்ததைச் சொல்றேன்.

பின்வரிசை சார் சொல்ற மாதிரி முதல் ஆளையே தூக்கி வெளிய போடற தலைவரையும் பார்த்திருக்கேன், கடைசி வரை கெஞ்சிக்கிட்டே இருக்கறவரையும் பார்த்திருக்கேன், ரெண்டு பேர் காலத்துலயும் அவை சரியா நடக்கல. சபை அமைதியா நடந்தது யார் காலத்துலன்னா, யாருக்கு எப்போ பேச வாய்ப்புன்னு காலையிலயே மனசுல கணக்குப் போட்டுட்டு வர்றவர் காலத்துல. அவர் என்ன பண்ணுவார்னா, எதிர்க்கட்சில ஒருத்தர் கையில பேப்பரை ஆட்டிக்கிட்டு எந்திரிக்கும்போதே, சத்தம் இன்னும் ஏறல, ஒத்தக் குரல்தான், அந்த நேரத்துலயே அவர் பேரைச் சொல்லி "உங்க நோட்டீஸ் என்கிட்ட இருக்கு, கேள்வி நேரம் முடிஞ்சதும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடறேன், ரெண்டு நிமிஷம்" ன்னு சொல்லிடுவார். குரலை ஏத்த மாட்டார். அந்த உறுப்பினர் நின்னபடியே பின்னாடி திரும்பி தன் கட்சி கொறடாவைப் பார்ப்பார், கொறடா தலையை அசைச்சா உக்காந்துடுவார். அவ்வளவுதான், பத்து செகண்ட் வேலை. ஆனா கேள்வி நேரம் முடிஞ்சதும் சொன்னபடி கூப்பிட்டே ஆகணும், ஆளுங்கட்சி வரிசைல மந்திரிங்க முறைச்சாலும் கூப்பிடணும். ஒரே ஒரு தடவை "இன்னைக்கு நேரம் இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்" ன்னு தள்ளிட்டார்னா மறுநாள்லேருந்து அவர் வாக்கை நம்பி யாரும் உக்கார மாட்டாங்க, நேரா எங்க மேசைக்குத்தான் வருவாங்க.

அதனாலதான் சொல்றேன், வெளியேற்றற அதிகாரத்தைவிட அடுத்து யாரைக் கூப்பிடறதுங்கற அதிகாரம் பெருசு. அதை நேர்மையா பயன்படுத்தினா மத்ததை எடுக்கற தேவையே முக்கால்வாசி நாள் வராது.

மழைமேகம்:
அருமையா சொன்னீங்க சார். எனக்கு ஒரு சின்ன சந்தேகம், உறுப்பினருங்க எதிர்க்கட்சிக்காரரைத் திட்டும்போதும் "மாண்புமிகு தலைவர் அவர்களே" ன்னு மேல பார்த்தே பேசறாங்களே, அது வெறும் மரியாதைக்கா?

சுருக்கெழுத்து:
மரியாதைன்னு மட்டும் எடுத்துக்காதீங்கம்மா, பழைய காலத்துலேருந்து வர்ற தடுப்பு அது. "நீ என்ன செஞ்ச" ன்னு ஒருத்தர் முகத்தைப் பார்த்து கேக்கறதுக்கும் "உறுப்பினர் என்ன செய்தார் என்று தலைவர் அவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்" ன்னு மேல பார்த்து கேக்கறதுக்கும் சூடு வேற. விரலை நீட்டி எதிர்வரிசையைப் பார்த்துத் திரும்பினாலே நல்ல தலைவர் "என்னைப் பார்த்துப் பேசுங்க" ன்னு வெட்டிடுவார், திரும்ப அனுமதிச்சார்னா அடுத்த வாக்கியத்துல எதிர்ப்பக்கம் பதில் வரும், அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல நடக்கற சண்டை ஆயிடும், தலைவர் வெளியாள் ஆயிடுவார். பேசறவருக்கும் தலைவருக்கும் நடுவுல குறுக்க நடக்கக்கூடாதுன்னு லோக்சபா விதியில இருக்கறதும் இதுக்காகத்தான். தலைவர் எந்திரிச்சா பேசிக்கிட்டு இருக்கறவர் உடனே உக்காரணும், எல்லாரும் அமைதியா கேக்கணும், அது விதி 361. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அடிக்கடி எந்திரிக்கற தலைவருக்கு அந்த மதிப்பு போயிடும். நான் பார்த்த ஒருத்தர் மாசத்துல ஓரிரு தடவைதான் எந்திரிப்பார், நாற்காலியை லேசா பின்னாடி தள்ளற சத்தம் கேட்டாலே நடுவுல நிக்கறவங்க ரெண்டு படி பின்னாடி போவாங்க.

நடுநிலைக்காரன்:
இதுல நம்பிக்கைங்கற விஷயம் ரொம்ப முக்கியம்னு நினைக்கறேன். பிரிட்டன்ல சபாநாயகரா வந்த உடனே கட்சியை விட்டுடறார், அடுத்த தேர்தல்ல கட்சி சின்னம் இல்லாம சபாநாயகர்னே நிக்கிறார், பெரிய கட்சிங்க வழக்கமா எதிர்த்து ஆள் போடறதில்ல. நம்ம ஊர்ல அடுத்த தேர்தலுக்கு சீட்டு குடுக்கப் போறது அவரோட கட்சிதான். அதோட கட்சித் தாவல் வழக்குலயும் பத்தாவது அட்டவணைப்படி தீர்ப்பு சொல்றது இவரேதான். அப்புறம் எதிர்க்கட்சி எப்படி நடுவர்னு ஏத்துக்கும்? 1967-ல நீலம் சஞ்சீவ ரெட்டி சபாநாயகர் ஆன உடனே கட்சியிலேருந்து விலகினார், அது வழக்கமா நிக்கல. 2008-ல சபாநாயகரா இருந்த சோம்நாத் சாட்டர்ஜி பதவியை விட்டு இறங்கச் சொன்ன கட்சியோட பேச்சைக் கேக்கல, கட்சி அவரை நீக்கிடுச்சு. மவ்லங்கர் முதல் சபாநாயகர், அவ்வளவு மதிக்கப்பட்டவர், அவர் மேலயே 1954 டிசம்பர்ல நீக்கத் தீர்மானம் வந்துச்சு, தோத்துப் போச்சு, ஆனா வந்துச்சு.

பின்வரிசை:
கட்சியை விட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல முடியாது நண்பரே. அங்கயும் கூச்சல் இல்லாமயா இருக்கு. 1881-ல ஐரிஷ் உறுப்பினருங்க பேசிப் பேசியே ஒரு மசோதாவை நிறுத்தப் பார்த்தாங்க, ஜனவரி 31 ஆரம்பிச்ச அமர்வு 41 மணி நேரம் விடாம ஓடுச்சு, பிப்ரவரி 2 காலையில சபாநாயகர் ஹென்றி பிராண்ட் வந்து உக்காந்து, விதியே இல்லாம, இதோட போதும்னு ஓட்டுக்கு விட்டார். அடுத்த வருஷம்தான் விவாதத்தை முடிக்கற விதியே எழுதினாங்க. அதாவது ஒரு கட்டத்துல யாராவது துணிஞ்சு முடிவெடுத்துத்தான் ஆகணும். நேரம் குடுத்தாலும் உக்கார மாட்டேன், அவை நடக்கக் கூடாதுங்கறதே நோக்கம்னு ஒரு கட்சி முடிவு பண்ணிட்டு வந்தா சுருக்கெழுத்து சார் சொல்ற பத்து செகண்ட் வித்தை என்ன பண்ணும்?

சுருக்கெழுத்து:
நியாயமான கேள்வி. அப்படி வர்ற நாளும் உண்டு, அன்னைக்கு அந்த வித்தை வேலை செய்யாது, ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கும் முடிவு பெரும்பாலும் சபைக்குள்ள எடுக்கறதில்ல, தலைவர் அறையில எடுக்கறது. ஒத்திவைச்சதும் நீங்க டிவில காலி நாற்காலியைத்தான் பார்ப்பீங்க, உள்ள அறையில எல்லாக் கட்சித் தலைவரையும் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பார், எந்த விதில விவாதம், எத்தனை மணி நேரம், மந்திரி பதில் சொல்வாரா பிரதமர் வரணுமா, இதுதான் பேரம். அலுவல் ஆய்வுக் குழு இருக்கறதே நேரம் பிரிக்கத்தான். ஒத்திவைச்ச ஒரு மணி நேரத்துல அந்தப் பேச்சு நடந்துச்சுன்னா ஒத்திவைப்புக்கு அர்த்தம் இருக்கு. பேச்சே நடக்காம சும்மா 12, 2, அப்புறம் நாளை காலை 11-ன்னு தள்ளிக்கிட்டே போனா கத்தினவங்களுக்கு அது வெற்றி, பதில் சொல்ல விரும்பாத அரசாங்கத்துக்கும் அது வசதி, ரெண்டு பக்கமும் சேர்ந்து அவையை மூடின மாதிரி.

விதி373:
கூட்டமா வெளியேத்தின கதையும் சொல்லணும். 1989 மார்ச்ல, இந்திரா காந்தி கொலையை விசாரிச்ச தக்கர் கமிஷனோட அறிக்கை விவகாரத்துல லோக்சபால ஒரே நாள்ல 63 பேர் சஸ்பெண்ட், அப்போ காங்கிரஸ் ஆட்சி. 2023 டிசம்பர்ல பார்லிமென்ட் பாதுகாப்பு மீறல் பத்தி உள்துறை மந்திரி அவைக்கு வந்து பதில் சொல்லணும்னு கேட்ட விவகாரத்துல ரெண்டு அவையும் சேர்த்து 146 பேர், லோக்சபா 100 ராஜ்யசபா 46, டிசம்பர் 18 ஒரு நாள்ல மட்டும் 78, அது பா.ஜ.க. ஆட்சி. அதே வாரத்துல மூணு குற்றவியல் சட்ட மசோதாவும் நிறைவேறுச்சு, எதிர்வரிசை பாதிக்கு மேல காலி. ஆளுங்கட்சி எதுவா இருந்தாலும் இந்தக் கருவி ஒரே மாதிரிதான் வேலை செய்யுது, ஒருத்தரை அனுப்பினா அது ஒழுங்கு, நூறு பேரை அனுப்பினா சபையோட கணக்கே மாறிடுது.

பின்வரிசை:
ஆனா அந்த நூறு பேரும் நடுவுல நின்னாங்கதான? பதாகை கொண்டு வரக்கூடாதுன்னு விதி தெரிஞ்சேதான கொண்டு வந்தாங்க? விதியை நூறு பேர் சேர்ந்து மீறினா அது மீறல் இல்லன்னு ஆயிடுமா?

விதி373:
மீறல்தான், மறுக்கல. ஆனா தண்டனை குடுக்கறவர் மேல அவங்களுக்கு நம்பிக்கை இருந்தா முதல் அஞ்சு பேரோட நின்னிருக்கும்னுதான் சொல்றேன்.

சட்டப்புத்தகம்:
சட்டப் பக்கம் ஒரு எல்லை இருக்கு, அதையும் சேர்த்துக்கோங்க. அரசியல் சாசனம் 122-ன்படி பார்லிமென்ட் நடைமுறையில குறைன்னு சொல்லி கோர்ட்டுக்குப் போக முடியாது, ஒழுங்கு காக்கற அதிகாரத்தைப் பயன்படுத்தினதுக்காக தலைவரை கோர்ட் கேள்வி கேக்க முடியாது, சட்டமன்றத்துக்கு அதே மாதிரி 212. அப்படின்னா எதை வேணா பண்ணலாமான்னா இல்ல. 2021 ஜூலைல மகாராஷ்டிரா சட்டமன்றம் 12 பா.ஜ.க. உறுப்பினர்களை ஒரு வருஷத்துக்கு சஸ்பெண்ட் பண்ணுச்சு, 2022 ஜனவரி 28 சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அந்தக் கூட்டத்தொடரைத் தாண்டி சஸ்பெண்ட் பண்ண முடியாதுன்னு தெளிவா சொன்னாங்க. காரணம் யோசிச்சா நியாயம் புரியும். ஒரு தொகுதி காலியானா 6 மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் வைக்கணும், உறுப்பினரை முழுசா நீக்கினாலாவது அந்த மக்களுக்கு புது ஆள் வருவார், ஒரு வருஷம் சஸ்பெண்ட்னா ஆளும் இல்ல தேர்தலும் இல்ல, அது நீக்கத்தைவிட மோசம். சபை ஒழுங்குக்காக குடுக்கற தண்டனை சபை நடக்கறதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் இருக்கணும்.

தென்னாப்பிரிக்காலயும் ஒரு வழக்கு இருக்கு. 2015 பிப்ரவரில ஜனாதிபதி உரை நடக்கும்போது EFF-ங்கற, அதாவது பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி உறுப்பினருங்களை பாதுகாப்புப் படையை வெச்சு தூக்கி வெளிய போட்டாங்க. அதைத் தொடர்ந்து வந்த வழக்குல 2016-ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், சபைக்குள்ள பேசற உறுப்பினரைக் கைது பண்ண விடற சட்டப்பிரிவு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. பேச்சுரிமை அங்கதான் அதிகமா இருக்கணும்ங்கறது அடிப்படை.

மழைமேகம்:
பாதுகாப்புப் படைன்னதும் 2017 பிப்ரவரி 18 தமிழ்நாடு சட்டமன்றம்தான் ஞாபகம் வருது. நம்பிக்கை ஓட்டு அன்னைக்கு ரெண்டு தடவை ஒத்திவைப்பு, அப்புறம் தி.மு.க. உறுப்பினருங்களை அவைக் காவலர்கள் வெளியேத்தினாங்க, அதுக்கப்புறம் ஓட்டு, 122-க்கு 11. எந்தப் பக்கம் நியாயம்னு பேச வரல. ஆனா அரசாங்கம் இருக்கணுமா போகணுமாங்கற ஓட்டுல எதிர்ப்பக்கம் வெளிய இருக்கும்போது வர்ற முடிவை ஜெயிச்சவங்களே முழு மனசா கொண்டாட முடியுமா? ஸ்ரீலங்காலயும் 2018 நவம்பர்ல சபாநாயகர் கரு ஜயசூரிய நாற்காலியையே ஒரு கூட்டம் புடிச்சுக்கிச்சு, போலீஸ் சுத்தி நிக்க, மிளகாய்த்தூள் வீச்சுக்கு நடுவுல அவர் மைக் புடிச்சு அவையை நடத்தினார், பயந்து போயிட்டேன் அந்த வீடியோ பார்த்து.

சட்டப்புத்தகம்:
ஆமாம்மா, அந்த வித்தியாசம் பெருசு. போலீஸை உள்ள கூப்பிட்டது ஓட்டை நடத்தறதுக்கா, ஓட்டு போட வேண்டியவங்களை வெளிய வைக்கறதுக்கான்னு பார்த்தா பாதி பதில் கிடைச்சுடும். 2020 செப்டம்பர் 20 ராஜ்யசபால வேளாண் மசோதாவுக்கு எதிர்க்கட்சி எண்ணி ஓட்டெடுப்பு கேட்டாங்க, நாற்காலில இருந்த துணைத் தலைவர் உறுப்பினருங்க அவங்கவங்க இடத்துல இருந்தாத்தான் எண்ண முடியும்னார், குரல் ஓட்டுல நிறைவேறுச்சு, மறுநாள் 8 பேர் சஸ்பெண்ட். அவர் சொன்ன நடைமுறை சரிதான். ஆனா என் கருத்து, ஒரு உறுப்பினர் எண்ணச் சொன்னா ஒத்திவைச்சு அமைதி ஆன பிறகாவது எண்ணிடணும். சத்தத்துல குரல் ஓட்டு எடுத்தா யாருக்கும் எந்தக் குரல்னே தெரியாது.

கேள்விநேரம்:
நிறைய கத்துக்கறேன், நன்றி. இன்னொண்ணு, "அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" ன்னு சொல்றாங்களே, நேரலையில ஊரே கேட்ட பிறகு நீக்கி என்ன பிரயோஜனம்?

சுருக்கெழுத்து:
விதி 380, அவதூறு, கண்ணியக் குறைவு, சபைக்கு ஒவ்வாத சொல்லு இதையெல்லாம் நீக்கச் சொல்லலாம். நாங்க அந்த இடத்துல நட்சத்திரக் குறி போட்டு கீழ தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டதுன்னு எழுதுவோம். முன்னாடி அதுக்கு பலம் இருந்துச்சு, நீக்கின சொல்லை பத்திரிகை போட்டா உரிமை மீறல் ஆகும்னு பயம். இப்போ நீக்கறதுக்குள்ள அந்த முப்பது செகண்ட் ஊரெல்லாம் சுத்தியிருக்கும். அதனால நீக்கற வேலை தலைவருக்கு ஆயுதமா இப்போ அவ்வளவு உதவாது, பின்னாடி நூறு வருஷம் கழிச்சு படிக்கறவனுக்கு பதிவு சுத்தமா இருக்கும், அவ்வளவுதான். நான் மதிச்ச தலைவருங்க நீக்கறதுக்கு முன்னாடி பேசினவர்கிட்டயே "நீங்களே வாபஸ் வாங்கிடுங்க" ன்னு ஒரு வாய்ப்பு குடுப்பாங்க. அவர் வாபஸ் வாங்கினா எதிர்ப்பக்கம் கோபம் அங்கயே இறங்கிடும், நீக்கினா இறங்காது. இன்னொண்ணு, கூச்சல்ல "எதுவும் குறிப்பில் ஏறாது" ன்னு தலைவர் சொன்னதும் நாங்க பேனாவை கீழ வெச்சுடுவோம். நடுவுல நிக்கறவங்க அதைத்தான் முதல்ல கவனிப்பாங்க, அவங்க சொல்றது எழுத்துல போகலன்னு தெரிஞ்சதும் பாதி பேர் குரல் இறங்கறதை நேரா பார்த்திருக்கேன். மைக்கும் அப்படித்தான், கூப்பிட்ட உறுப்பினரோடது மட்டும் ஆன்ல இருக்கணும். ஆனா கூப்பிட்ட பிறகு எதிர்க்கட்சித் தலைவர் மைக் ஆஃப் ஆச்சுன்னு ஒரு புகார் வந்தா அந்த நாள் முழுக்க நாற்காலிக்கு மரியாதை கிடையாது, தப்பு டெக்னீஷியன் மேல இருந்தாலும் சரி.

கடல்தாண்டி:
நான் ஆஸ்திரேலியா பார்லிமென்ட் விடாம பார்க்கறவன். அங்க ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு, 1994-லேருந்து தலைவர் ஒரு உறுப்பினரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வெளிய அனுப்பலாம், விவாதம் கிடையாது தீர்மானம் கிடையாது, "94A-படி வெளிய போங்க" ன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க, ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப வந்து வேலையைப் பார்ப்பாங்க. சின்ன தண்டனைங்கறதால தயங்காம முதல்லயே குடுக்க முடியுது, வாங்கறவருக்கும் தியாகி ஆகற அளவுக்கு ஒண்ணும் இல்ல. இதுவும் அளவு மீறினா கெட்டுப் போகும், 2014 நவம்பர்ல அப்போ சபாநாயகரா இருந்த பிரான்வின் பிஷப் ஒரே நாள்ல 18 பேரை அனுப்பினார், எல்லாரும் எதிர்க்கட்சி, அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் ஒருபக்கமாத்தான் தெரிஞ்சுது. கனடால 2024 ஏப்ரல்ல எதிர்க்கட்சித் தலைவரையே அன்னைக்கு முழுக்க வெளிய அனுப்பினாங்க, பிரதமரைப் பத்தி சொன்ன ஒரு சொல்லை வாபஸ் வாங்கச் சொல்லி பல தடவை வாய்ப்பு குடுத்த பிறகு.

பின்வரிசை:
ஒரு மணி நேரம்ங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. நான் கேட்ட கண்டிப்பும் இருக்கு, தொகுதிக்கு ஆள் இல்லாம போறதும் இல்ல. 373-ல ஒரு நாள் முழுக்கன்னு இருக்கறதாலதான் தலைவர் யோசிக்கறார், யோசிக்கற நேரத்துல பத்து பேர் நடுவுக்கு வந்துடறாங்க. ஆனா ஆளுங்கட்சி வரிசைலேருந்து கத்தினாலும் அதே ஒரு மணி நேரம் குடுக்கணும், அது நடக்கலன்னா நான் இதுக்கும் கை தூக்க மாட்டேன்.

சுருக்கெழுத்து:
அதேதான் சார். ஆளுங்கட்சி ஆள் ஒருத்தரை முதல் வாரத்துலயே வெளிய அனுப்பிட்டா அந்தக் கூட்டத்தொடர் முழுக்க எதிர்வரிசையும் சபைத் தலைவர் பேச்சைக் கேக்கும்.

கேள்விநேரம்:
இந்த ஒரு மணி நேர விதியை இங்க கொண்டு வரணும்னா சட்டத் திருத்தம் வேணுமா?

விதி373:
வேணாம். சாசனம் 118-ன்படி ஒவ்வொரு அவையும் தன் விதியைத் தானே எழுதிக்கலாம், 374A வந்ததும் அப்படித்தான். விதிகள் குழுன்னு 15 பேர் குழு இருக்கு, அது பரிந்துரை பண்ணி அவைல வெச்சு ஏத்துக்கிட்டா போதும். அந்தக் குழுவுக்குத் தலைவர் சபாநாயகரேதான்.